46 வயசு ஆச்சு, ஐந்தொகை போட்டுப் பாத்தா உங்களுக்கு என்ன நிக்குது?

வளவுவாசல்:

எல்லாருக்கும் வணக்கம். கானாடுகாத்தான் பக்கத்துல ஒரு ஊரு எனக்கு. 22 வருஷம் சென்னையிலயும் சிங்கப்பூர்லயும் வேலை பாத்துட்டு போன வருஷம்தான் ஊரோட வந்துட்டேன். அப்பச்சிக்கு (எங்க பக்கம் அப்பாவை அப்படித்தான் கூப்புடுவோம்) 75 ஆச்சு, ஆத்தாவுக்கும் (அம்மாவுக்கும்) மூட்டுவலி, அம்புட்டுப் பெரிய வீட்ல ரெண்டு பேரும் தனியா கெடக்குறது மனசுக்கு ஒப்பல. வேலை இங்க இருந்தே லேப்டாப்ல ஓடுது.

போன வாரம் மழையில ரெண்டாங்கட்டு ஒழுகுதுன்னு சாமானெல்லாம் நகட்டி வைக்கும்போது ஒரு தகரப்பெட்டி நெறைய அப்பச்சியோட கணக்கு நோட்டு கெடச்சுச்சு. எங்க வீட்ல அது பரம்பரைப் பழக்கம், உப்பு வாங்குனாக்கூட எழுதணும், வருஷக் கடைசியில எல்லாத்தையும் கூட்டி ஐந்தொகை போடணும். (சின்னப் பிள்ளைகளுக்குத் தெரியாம இருக்கலாம், வரவு செலவு கொடுத்தது வாங்குனது கையிருப்பு எல்லாத்தையும் ஒரே எடத்துல நிறுத்தி நேர் பாக்குறது. ரங்கூன், பினாங்குன்னு கடை வச்சிருந்த காலத்துல அங்க இருக்குற ஏஜெண்டு இங்க முதலாளிக்கு எழுதி அனுப்புவாக.)

1996 நோட்டை எடுத்துப் பிரிச்சா எழுத்து மசமசன்னு தெரியுது, கையை நீட்டி எட்டத்துல வச்சாத்தான் படிக்க முடியுது. அப்பச்சி பேப்பரை அப்படித்தான் பிடிப்பாக, நான் பக்கத்துல நின்னு "கண்ணாடி போட்டா என்ன"ன்னு எரிஞ்சு விழுந்திருக்கேன். மறுநாள் காரைக்குடி போயி காமிச்சேன், வெள்ளெழுத்துதான், கண்ணுக்குள்ள உள்ள லென்ஸ் வயசாக வயசாக இறுகிரும், நாப்பதுக்கு மேல எல்லாருக்கும் வர்றதுதான்னு டாக்டர் சொன்னாரு.

கண்ணாடி போட்டு மறுபடி உக்காந்தேன். 1996 ஆடியில "சங்கிலி அடகு 15,000"ன்னு ஒரு வரி. அதுக்கப்புறம் மாசாமாசம் "வட்டி", "வட்டி", "வட்டி". 1999 தை வரைக்கும் அதே வட்டி, அப்புறம் "சங்கிலி திருப்பினது". அந்த ஆடியிலதான் நான் இஞ்சினியரிங் சேந்தேன். பைக் வாங்கித் தரலைன்னு ஒரு மாசம் முகம் குடுத்துப் பேசாம இருந்ததும் அந்த வருஷம்தான்.

அப்பத்தான் கணக்குப் பாத்தேன், அப்பச்சிக்கு அன்னைக்கு என்ன வயசுன்னு. 46. இன்னைக்கு எனக்கு இருக்குற அதே வயசு. 17 வயசுல நான் அவுகளைக் கிழவர்னு நெனச்சேன், எல்லாம் தெரிஞ்ச, எதுக்கும் அசராத ஆளுன்னு நெனச்சேன். எனக்கு இப்ப எதுவுமே முழுசா தெரியல, ராத்திரி ரெண்டு மணிக்கு முழிப்பு வந்தா மகன் படிப்பு, வீட்டுக் கூரை, ஆத்தா முழங்கால்னு வரிசையா ஓடுது. அப்ப அவுகளுக்கும் இப்படித்தானே ஓடியிருக்கும், எங்ககிட்ட ஒரு நாளும் காட்டிக்கலையே. இது மனசைப் போட்டு அறுக்குது.

நம்ம பக்கத்து ஆளுகட்ட கேக்கணும்னு தோணுச்சு. நாப்பது, அம்பது தாண்டுனவங்க சொல்லுங்க, இந்த வயசுக்கு வந்த பின்னாடிதான் புரிஞ்சதுன்னு உங்களுக்கு என்ன இருக்கு? பொதுவா வேணாம், உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்க.

---

கண்டாங்கி:

தம்பி, படிச்சிட்டு அடுப்பை அணைச்சுப்பிட்டு வந்து உக்காந்து எழுதுறேன். தேவகோட்டை, எனக்கு 51. என் ஐந்தொகையில நிக்கிற பெரிய கடன் நான் என் உடம்புக்கு வச்ச கடன்தான்.

44 வயசுல இருந்தே மாசாமாசம் போக்கு அதிகமாயிருச்சு, பத்து நாள் பன்னெண்டு நாள் ஆனாலும் நிக்காது, மாடிப்படி ஏறுனா மூச்சு வாங்கும், யார்ட்டயும் சொல்லல. மாமியார்ட்ட மட்டும் ஒரு தடவை சொன்னேன், "நிக்கப் போற நேரத்துல அப்படித்தான் போகும், எங்களுக்கெல்லாம் போகலையா"ன்னாக, நானும் அதோட விட்டுட்டேன். ரெண்டு வருஷம். பங்காளி வீட்டுக் கல்யாணம் ஒண்ணு, வளவு நெறைய ஆளு, வெள்ளைப் பணியாரம் ஊத்திக்கிட்டே இருந்தவ அடுப்பு முன்னாடியே கண்ணு இருட்டிச் சாஞ்சுட்டேன். எண்ணெய் கையில கொஞ்சம் தெறிச்சதோட போச்சு, பக்கத்துல இருந்த அண்ணமிண்டி (அண்ணி) பிடிச்சிட்டாக, இல்லைன்னா சட்டியோட விழுந்திருப்பேன்.

ரத்தம் எடுத்துப் பாத்தா ஹீமோகுளோபின் 6.8. பொம்பளைகளுக்கு 12க்குக் கொறையக் கூடாதாம். ஸ்கேன்ல கர்ப்பப்பையில ஃபைப்ராய்டு கட்டி. ரத்தம் ஏத்தி, அப்புறம் ஆபரேஷன் பண்ணி, எந்திரிச்சு நடமாட ரெண்டு மாசம். டாக்டரம்மா கேட்டாக, "இத்தனை நாள் யாருக்காக அடக்கி வச்சிருந்தீங்க?"ன்னு. எனக்கு வாய் திறக்க முடியல, அழுதுட்டேன்.

எங்க வீட்டுக்காரவுக ஆஸ்பத்திரியில உக்காந்து "ஏன் எங்கிட்ட சொல்லல"ன்னு கேட்டாக. அசதியா இருக்குன்னு மூணு நாலு தடவை சொல்லியிருக்கேன். ஆனா எம்புட்டு ரத்தம், எத்தனை நாளு, எங்க வலிக்குதுன்னு வெளிப்படையா சொல்லல, அது ஆம்பளைகட்ட பேசுற விஷயம் இல்லைன்னு வளந்தோம். நான் அப்ப கத்துக்கிட்டது அதுதான் தம்பி, நம்ம மூஞ்சியைப் பாத்து யாராவது புரிஞ்சுக்குவாகன்னு காத்துக்கிட்டு இருக்கக் கூடாது, வாயைத் திறந்து முழுசா சொல்லணும். இப்ப எங்க வீட்ல என் மகளும் சொல்றா, மகனுக்கும் தெரியும், எங்க வீட்டுக்காரவுகளே மெடிக்கல்ல போயி நாப்கின் வாங்கிட்டு வர்றாக.

இதைப் படிக்கிற பொம்பளைகளுக்கு ஒண்ணு. பன்னெண்டு மாசம் முழுசா வராம இருந்தாத்தான் நின்னுருச்சுன்னு அர்த்தம். அப்படி நின்ன பின்னாடி ஒரு சொட்டு பட்டாலும் வயசுக் கோளாறுன்னு இருந்துராதீங்க, அன்னைக்கே போயி காமிங்க. அதே மாதிரி நாப்பதுக்கு மேல நாள் கணக்கு தாறுமாறா, அளவுக்கு மேல போனாலும் பாத்துரணும்.

48 வயசுல ஸ்கூட்டி கத்துக்கிட்டேன். கண்டதேவி கோயில் வரைக்கும் தனியா ஓட்டிட்டுப் போயிட்டு வந்தேன் ஒரு நாளு. அதையும் வரவுல எழுதிக்கிறேன்.

---

பூக்கல்:

அண்ணே நான் ஆத்தங்குடி, 43 ஆகுது, பூக்கல் (தரையில பதிக்கிற ஆத்தங்குடிக் கல்லு) பட்டறையில வேலை, எங்க அய்யா காலத்துல இருந்து இதேதான். கண்ணாடியில சட்டத்தை வச்சு, அச்சை வச்சு, கலர் சிமெண்டை ஊத்தி, அது மேல மணலும் சிமெண்டும் போட்டு அமுக்கி, மறுநாள் தண்ணித் தொட்டியில போட்டு ஊற வச்சு எடுக்கணும், பூராம் கைவேலை, குனிஞ்சே உக்காந்திருக்கணும். இப்ப இடுப்பு சொல்லுது.

என் மூத்த பிள்ளைக்கு காதுகுத்து வச்சேன். மச்சான் வீட்ல வச்ச காதுகுத்துல ஆட்டுக்கறி, மண்டபம், பேண்டு வாத்தியம், கட்டவுட்டுன்னு பெருசா பண்ணுனாக, அதுக்கு கீழ போகக் கூடாதுன்னு வெளில வட்டிக்கு மூணு லட்சம் வாங்கி செஞ்சேன். அதைக் கட்டி முடிக்க நாலு வருஷம். அந்த நாலு வருஷமும் ஞாயித்துக்கிழமையும் வேலைதான், பிள்ளைகளை ஒரு பிள்ளையார்பட்டிகூட கூட்டிட்டுப் போகல, இந்தா இருக்கு கூப்புடு தூரத்துல. போன மாசம் அந்தப் பிள்ளைட்ட சும்மா கேட்டேன், உனக்கு உன் காதுகுத்து ஞாபகம் இருக்கான்னு. இருக்குப்பா, காது வலிச்சுச்சு, நீ எல்லாரையும் கத்திக்கிட்டே இருந்தன்னு சொல்லுச்சு. அவ்வளவுதான் அதுக்கு ஞாபகம் இருக்குறது. மூணு லட்சத்துக்கு.

சின்னவளுக்கு குலதெய்வம் கோயில்ல வச்சு அம்பது பேரோட முடிச்சோம், சொந்தத்துல ரெண்டு பேர் பேசுனாக, பேசட்டும். அன்னைக்கு நான் பிள்ளையை மடியில வச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன் அண்ணே, யாரையும் கத்தல.

இன்னொண்ணு. முந்தியெல்லாம் சென்னையில இருந்து ஓட்டல் வேலைக்கு ஆர்டர் வரும், ஒரு வாரத்துல வேணும்னு நிப்பாக, விட்டா வேற பட்டறைக்குப் போயிருமேன்னு சரி சரின்னு சொல்லிட்டு ஊறாத கல்லை ஏத்தி அனுப்பியிருக்கோம், அங்க போயி வெடிச்சு கெட்ட பேரு வாங்கியிருக்கோம். இப்ப மொதலாளிட்ட நானே சொல்லிருவேன், இத்தனை நாளு ஆகும், முடியும்னா இருங்க, இல்லைன்னா வேற எடம் பாருங்கன்னு. முடியாதுன்னு சொல்ல எனக்கு நாப்பது வயசு ஆயிருச்சு.

---

இன்னும்37:

எனக்கு இன்னும் நாப்பதே ஆகல, ஆனா படிக்கப் படிக்க வயித்தைக் கலக்குது. கண்டாங்கி ஆச்சி, எங்க பெரியக்காவுக்கு உங்க வயசுதான் கிட்டத்தட்ட, இப்பவே போன் பண்ணி கேக்கப் போறேன்.

---

நாலாம்பங்கு:

இதை எழுதலாமா வேணாமான்னு ரெண்டு நாளு யோசிச்சேன். எனக்கு 54, காரைக்குடி.

எங்க ஐயா (தாத்தா) கட்டுன வீடு. முகப்பு, பட்டாலை, ரெண்டு கட்டு, பர்மா தேக்குத் தூணு, ஆத்தங்குடிக் கல்லு, எல்லாம் இருந்துச்சு. எங்க அப்பச்சி உயில் எழுதாம 2011ல போயிட்டாக. நாங்க மூணு ஆம்பளை, ஒரு தங்கச்சி. அண்ணன் தம்பி மூணு பேரும் வித்துப் பிரிச்சுக்கிடலாம்னு பேசி முடிச்சாச்சு, தங்கச்சிட்ட கையெழுத்து கேட்டா அது "எனக்கும் ஒரு பங்கு உண்டுல்லண்ணே"ன்னுச்சு. எனக்கு வந்த கோவம் இருக்கே. கல்யாணத்துல எவர்சில்வர், பித்தளை, வெள்ளி, வைரத்தோடுன்னு ஒரு லாரி சாமான் குடுத்து விட்டிருக்கோம், பொங்கல் தீபாவளி சீர் ஒண்ணு விடாம செஞ்சிருக்கோம், இனி என்ன பங்குன்னு வாயில வந்தபடி பேசிட்டேன். அதோட சரி. ஏழு வருஷம் பேச்சுவார்த்தை இல்ல. ஆத்தா நடுவுல கெடந்து அல்லாடுச்சு, பிள்ளையார் நோன்புக்கு நாங்க எழை எடுத்துக்கிடும்போது (திரி ஏத்துன மாவை வாங்கிச் சாப்பிடுறது) அந்தப் பிள்ளை பேரைச் சொல்லிச் சொல்லி அழும், நான் எந்திரிச்சு வெளிய போயிருவேன்.

கடைசியில ஒரு வக்கீல்ட்ட போயி உக்காந்தோம், கேஸ் போடலாம்னு. அவரு பொறுமையா சொன்னாரு. தமிழ்நாட்ல 1989லயே சட்டம் திருத்தியாச்சு, அந்தத் தேதிக்கு கல்யாணம் ஆகாத பொண்ணுக்கு பூர்வீகச் சொத்துல ஆம்பளைப் பிள்ளை மாதிரியே பங்கு உண்டு. 2005ல மத்திய சட்டத்துலயும் வந்துருச்சு, அதுல கல்யாணம் ஆனது ஆகாததுங்குற வித்தியாசமே கெடையாது. அதுக்கு முந்தியே முறையா பதிவு பண்ணுன பாகப்பிரிவினை இருந்தாத்தான் வேற கதை, எங்களுக்கு அதுவும் கெடையாது. எங்க தங்கச்சிக்குக் கல்யாணம் 1994ல. ஆக அது கேட்டது அதோட சொந்தப் பங்கை. எங்ககிட்ட பிச்சை கேக்கல. (2020ல சுப்ரீம் கோர்ட்டும் சொல்லிருச்சு, 2005ல அப்பா உசிரோட இருந்தாரா இல்லையாங்குறதே கேள்வி இல்ல, பொண்ணுக்கு பொறப்புலயே உரிமைன்னு. வீட்ல இந்தப் பேச்சு இருக்குறவங்க வக்கீல்ட்ட கேட்டுட்டு அப்புறம் சண்டை போடுங்க.)

வக்கீல் ஆபீஸ்ல இருந்து வெளிய வந்து ரோட்ல நிக்கிறேன், கை நடுங்குது. ஏழு வருஷம் ஒரு பிள்ளையைத் தப்பா பேசி ஊரெல்லாம் சொல்லியிருக்கேன். நியாயம் எங்க பக்கம்னு நம்பித்தான் பேசுனேன், அந்த நம்பிக்கை எங்க இருந்து வந்துச்சுன்னா எங்க பெரியப்பச்சி அப்படித்தான் அவுக தங்கச்சியைப் பேசுவாக, அதைக் கேட்டு வளந்தேன்.

தங்கச்சி வீட்டுக்குப் போனேன், தனியா. கதவைத் திறந்துட்டு என்னைப் பாத்துட்டு அது ஒண்ணும் சொல்லல, உள்ள போயி காபி போட்டு எடுத்துட்டு வந்துச்சு. சீனி கம்மியா. எனக்கு சுகர் இருக்குன்னு அதுக்கு யாரோ சொல்லியிருக்காக, அதை ஞாபகம் வச்சிருக்கு. நான் மன்னிப்பு கேட்டேன், நாலாப் பிரிச்சோம், முடிஞ்சுச்சு. ஆனா அந்த ஏழு வருஷத்துல அதோட மூத்த மகன் சடங்கு சாங்கியம், சின்னவ சமைஞ்சது, அதோட வீட்டுக்காரவுகளுக்கு நெஞ்சுவலி வந்து மதுரையில படுத்திருந்தது, எதுலயும் நான் இல்ல. தாய்மாமன் நிக்க வேண்டிய எடத்துல வேற யாரோ நின்னிருக்காக. அதை எந்தப் பத்திரத்துலயும் திருப்பி எழுத முடியாது.

வீட்டுத் தூணெல்லாம் முனீஸ்வரன் கோவில் தெருப் பழைய சாமான் கடைக்குப் போயிருச்சு. அந்தப் பக்கம் போனா இப்பவும் நிமிந்து பாக்க மாட்டேன்.

---

வளவுவாசல்:

நாலாம்பங்கு அண்ணே, எங்க வீட்லயும் இந்தப் பேச்சு இன்னும் ஆரம்பிக்கல, அக்கா ரெண்டு பேரு இருக்காக. நீங்க எழுதுனதை நான் பத்திரமா வச்சுக்கிறேன். நன்றி அண்ணே.

---

பள்ளத்தூர்_வாத்தியார்:

வணக்கம். ரிட்டயர்டு ஆசிரியர், வயசு 68. உங்க எல்லாரையும் விட மூத்தவன்கிற உரிமையில எழுதுறேன்.

37 வயசுத் தம்பி, வயித்தைக் கலக்க வேண்டியதில்ல, ஒண்ணு மட்டும் பண்ணுங்க, சுகர் பாருங்க. சாப்பாட்டுக்கு முன்னாடி பாக்குறது மட்டும் பத்தாது, மூணு மாசத்து சராசரி சொல்ற ரத்தப் பரிசோதனை ஒண்ணு இருக்கு (HbA1c), அதுல 5.7க்குள்ள இருந்தா சரி, 6.5 தொட்டா சர்க்கரை நோய்னு அர்த்தம், நடுவுல இருந்தா இப்பவே சாப்பாட்டையும் நடையையும் சரி பண்ணிக்கிடலாம். எனக்கு இதை யாரும் சொல்லல, சொன்னாலும் கேட்டிருப்பேனான்னு தெரியல.

நான் 31 வயசுல இருந்து தைப்பூசத்துக்கு நகரத்தார் காவடியோட பழனிக்கு நடந்து போறவன். குன்றக்குடியில கூடி சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல் வழியா. வெறுங்காலோட போறதுதான் வழக்கம். 49 வயசு இருக்கும்போது நத்தம் தாண்டி நடக்கையில கூட வந்த பையன் சொல்றான், "சார் உங்க கால்ல ரத்தம் வருது"ன்னு. குனிஞ்சு பாத்தா பெருவிரலுக்கு அடியில கண்ணாடிச் சில்லு ஏறி எவ்வளவு நேரமோ ஆகியிருக்கு, எனக்குத் தெரியவே இல்ல. முருகன் வலி தெரியாம பாத்துக்கிட்டான்னு அப்ப சந்தோஷப்பட்டு மேல நடந்தேன். சர்க்கரை பல வருஷமா கூடியே இருந்து கால் நரம்பு மரத்துப் போயிருக்கு, அதுதான் வலிக்கலைன்னு ஊருக்கு வந்து பதினைஞ்சு நாள் கழிச்சு புண்ணு பழுத்து காய்ச்சல்ல படுத்த பின்னாடிதான் தெரிஞ்சுச்சு. ரெண்டு விரலை எடுத்துட்டாங்க.

எனக்கு வகுப்புல ஒரு பெருமை உண்டு, 25 வருஷத்துல ஒரு நாள்கூட உடம்புக்கு முடியலைன்னு லீவு போட்டதில்லைன்னு. பிள்ளைகட்ட அதைச் சொல்லிச் சொல்லிப் பெருமைப்படுவேன். அந்தப் பெருமைதான் என்னை டெஸ்ட் பண்ண விடாம வச்சிருந்தது. இப்பவும் போறேன், கடைசி அஞ்சு மைல் மட்டும்தான் நடப்பேன், அதுவும் மெத்துன்னு செருப்புப் போட்டுக்கிட்டு, டாக்டர் சொன்ன மாதிரி ராத்திரி ரெண்டு பாதத்தையும் கண்ணாடி வச்சுப் பாத்துட்டுத்தான் படுப்பேன். செருப்போட வர்றான்னு சிலபேருக்கு வருத்தம். எனக்கு மொதல் வருஷம் ரொம்ப வருத்தமா இருந்துச்சு, இப்ப இல்ல. அவனுக்குத் தெரியும்.

வளவுவாசல் தம்பி, உங்களுக்கு ஒண்ணு. நோட்டைப் படிச்சு மனசு அறுக்குதுன்னு எங்ககிட்ட எழுதியிருக்கீங்க. அப்பச்சி பக்கத்து ரூம்ல இருக்காங்க. எங்க அப்பா என் 40வது வயசுல போயிட்டாங்க, எனக்குக் கேக்குறதுக்கு நூறு கேள்வி இருக்கு, ஆளு இல்ல. நோட்டை எடுத்துக்கிட்டு போயி அவங்ககிட்ட உக்காருங்க. இன்னைக்கே போங்க.

---

வளவுவாசல்:

வாத்தியார் ஐயா, நீங்க சொன்ன மாதிரியே சாயங்காலம் நோட்டை எடுத்துக்கிட்டு முகப்புல போயி உக்காந்தேன். அப்பச்சி சாய்வு நாற்காலியில இருந்தாக. 1996 பக்கத்தை எடுத்துக் குடுத்து, "என் காலேஜ் பீஸுக்குத்தானே அப்பச்சி இந்தச் சங்கிலியை வச்சீக, எனக்குத் தெரியாமப் போச்சு, பைக்குக்கு வேற சண்டை போட்டேன்"ன்னு சொன்னேன். சொல்லும்போதே தொண்டை அடைச்சுக்கிருச்சு.

அவுக நோட்டை வாங்கி நீட்டிப் பிடிச்சுப் பாத்தாக. நான் என் கண்ணாடியைக் கழட்டிக் குடுத்தேன், போட்டுக்கிட்டாக. ரொம்ப நேரம் பாத்துட்டு "இது உன் பீஸு இல்லப்பா"ன்னாக. எங்க அயித்தை வீட்டுக்காரவுக தொழில் நொடிச்சுப் போயி அந்த வருஷம் விஷம் குடிக்கிற அளவுக்குப் போயிட்டாகளாம், ராத்திரியோட ராத்திரியா புதுவயலுக்குப் போயி கடன்காரனுக்குக் குடுத்தது அந்தப் பதினஞ்சாயிரம். எனக்கு இத்தனை வருஷமா இது தெரியாது. அயித்தை மக்களுக்கும் தெரியாதுன்னு நெனைக்கிறேன்.

அப்ப என் பீஸு எங்க இருந்து வந்துச்சுன்னு கேட்டேன், நோட்டுல எங்கயுமே இல்லையேன்னு திருப்பித் திருப்பிப் பாத்தேன். ஆயா வீட்டு ஐயா (ஆத்தாவோட அப்பா) குடுத்தாகளாம். வருஷா வருஷம், நாலு வருஷமும். "எழுதலையா?"ன்னேன். உப்பு வாங்குனதை எழுதுனவுக அதை எழுதல. "உங்க ஆத்தா எழுத வேணாம்னா, அதான் எழுதல"ன்னாக. ஏன்னு கேட்டதுக்கு "அதை அவட்ட கேளு"ன்னு சொல்லிட்டு கண்ணாடியைக் கழட்டிக் குடுத்துட்டாக.

ஆத்தா மாத்திரை போட்டு ஏழு மணிக்கே படுத்துட்டாக. காலையில காபி குடிக்கும்போது கேக்கணும்.